சுரங்கத்துக்குள் மோசே

எங்கள் வீட்டில் ‘லெவல்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் வழங்கின. ஒன்று பூமிக்குக் கீழே இருந்தது. மற்றொன்று தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தது. முதலாவது லெவலுக்கு உரியவர் கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த என் தந்தையார். இரண்டாவதற்கு உரியவன், ராபர்ட்சன்பேட்டைக் கடை ஒன்றில் அரை மணி நேரத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து டிவி கேம் விளையாடக் கற்றுக்கொண்டிருந்த நான். 1992ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டின் வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, நான் மூச்சு வாங்க ஓடிவந்து, “நைனா, ஏழாவது லெவல் வந்துட்டேன்” என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஏறி வந்தியா, எறங்கி வந்தியா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த விளையாட்டில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வலப்புறம் ஓடிக்கொண்டே இருப்பது ஒன்றுதான் உண்டு.

கோலார் தங்க வயலைத் திரைப்படங்களின் வாயிலாக மட்டும் அறிந்தவர்களுக்கு இங்கே சில வார்த்தைகள் சொல்லிவிட வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி வந்து வேலையைத் தொடங்கிய நாள் முதலாக, வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து, நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், கூட்டங் கூட்டமாக இந்த வயலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூருக்கே அது பிறகுதான் கிடைத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டிச் சென்ற இச்சுரங்கங்களின் அடியில் பாறையின் உஷ்ணம் அறுபது பாகை செல்சியஸைத் தாண்டும். இந்த ஆழத்தின் விசேஷத்தால், 1965இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் இங்கே கருவிகளை வைத்து, வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். “ஆகாசத்தைப் பாக்கறதுக்குப் பூமிக்குள்ள எறங்கினாங்கடா” என்று தந்தையார் அதைப் பெருமையோடு சொல்லுவார். நூற்று இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைக் கொடுத்த அந்தப் பூமி, வாங்கிக்கொண்ட உயிர்களும் கல்தூசி படிந்து கெட்ட சுவாசப்பைகளும் எத்தனை என்பதை லைன் வீடுகளில் பிறந்தவர்கள் வேறு கணக்கில் அறிவார்கள்.

இத்தகைய ஊரில் கிறிஸ்தவனாக வளர்வது தனிப்பட்ட அனுபவம். உரிகாமில் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக எழுந்த அழகிய ஆலயம் உண்டு. சாம்பியன் ரீப்ஸில் கத்தோலிக்கரின் வெற்றி மாதா ஆலயம் உண்டு. தமிழ் மெதடிஸ்டுகளின் ஆலயம் உண்டு. அவற்றோடு அயோத்திதாச பண்டிதரின் வழிவந்த தமிழ்ப் பௌத்தர்களின் சங்கமும், மாரியம்மன் கோயில்களும், மசூதிகளும் சுரங்கத்தின் ஒரே சங்கொலியைக் கேட்டு எழுந்தன. நாங்கள் புராட்டஸ்டண்டு வகுப்பினர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போக வேண்டும். மனப்பாட வசனம் ஒப்புவிக்க வேண்டும். தவறாமல் ஒப்புவித்தால் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். டீச்சரம்மா பிளானல் துணி போர்த்திய பலகை ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்து, அதன்மேல் வண்ணக் காகித மோசேயை ஒட்டி, அவருக்கு முன்னால் நீலக் காகிதச் சமுத்திரத்தை ஒட்டி, பிறகு அந்தச் சமுத்திரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். என் வாழ்நாளில் நான் கண்ட முதல் அசையும் படம் அதுதான் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் யாத்திராகமம் எங்களுக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. பார்வோனின் ஆளோட்டிகளின் கீழ்ச் செங்கல் அறுத்த ஜனங்களைப் பற்றிச் சொல்லும்போது டீச்சரம்மாவின் குரல் தணிந்து போகும்; அவருடைய தகப்பனாரும் சுரங்கத்தில் இறந்தவர். இரவு ஜெபத்தின்போது, எங்கோ ஆழத்தில் பாறை வெடித்துப் பூமி ஒரு கணம் அதிரும். அலமாரியிலிருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சப்திக்கும். தாயார் ஜெபத்தை நிறுத்தமாட்டார், ஆனால் அதன் விஷயம் அந்த க்ஷணத்திலேயே மாறிவிடும். எவ்வளவு நேரமாக எதற்காக வேண்டிக்கொண்டிருந்தாலும், அதிர்ச்சிக்குப் பிறகு அவர் வேண்டுவது ஒன்றே, கீழே இருப்பவர்கள் மேலே வர வேண்டும் என்பது. பரலோகம், பாதாளம் என்ற சொற்களை நான் வேதபாடத்தில் கற்றது உண்மைதான். எனினும் அவற்றின் திசைகளைக் கற்றது அந்தத் தம்ளர்களின் ஓசையிலிருந்துதான்.

டிவி கேம் இந்த வாழ்க்கைக்குள் பிரவேசித்தது 90களின் தொடக்கத்தில். ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் பெட்டியைப் பார்த்து வேறு நாடுகளில் செய்யப்பட்ட மலிவான நகல்கள் அவை. பெட்டியில் செருகும் சதுரத்தை நாங்கள் ‘கேசட்’ என்றே சொன்னோம். மீசைக்காரக் குழாய்த் தொழிலாளி மரியோவும், துப்பாக்கி ஏந்திய இரண்டு சிப்பாய்களும், பறந்து விழும் வாத்துகளும் எங்கள் மாலைப் பொழுதுகளை ஆட்கொண்டார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் அட்டைகளில் நட்சத்திரங்கள் குறையத் தொடங்கின. டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்து, தாயார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாத குரலில், “அந்த மிஷின்ல சுடறதுக்கு நூறு பேரு இருக்காங்களாமே, காப்பாத்தறதுக்கு ஒருத்தராவது இருக்காங்களா தம்பி?” என்று விசாரித்தார். நான் வெகு நாள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தேன். விளையாடுவது பாவமா என்ற பயத்தைவிட, விளையாட்டுக்குள் நல்லவனாக இருக்க இடமில்லையே என்ற துக்கம் பெரிதாக இருந்தது.

அதே காலத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஏறத்தாழ இதே கேள்விக்கு விடையாக ஒரு சிறிய கம்பெனி விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தது என்பதை நான் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்தக் கம்பெனியின் ஆதிப் பெயர் கலர் ட்ரீம்ஸ். நின்டெண்டோ தன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்து, தன் அனுமதி பெறாத கேசட்டுகள் ஓடாதபடி தடுத்திருந்தது. கலர் ட்ரீம்ஸின் பொறியாளர்கள் மின்னழுத்தத்தைக் கொண்டு அந்தச் சில்லை ஒரு கணம் ஸ்தம்பிக்கச் செய்து தங்கள் கேசட்டுகளை ஓட வைத்தார்கள். ஆயினும் அனுமதியற்ற சரக்கை விற்கும் கடைகளுக்குத் தன் சரக்கைத் தரமாட்டேன் என்று நின்டெண்டோ நெருக்குதல் கொடுத்தபோது, பெரிய கடைகளின் கதவுகள் அடைபட்டன. அப்பொழுதுதான், நின்டெண்டோவின் சரக்கை ஒருகாலும் விற்றிராத கடைகள் ஒரு வகை உண்டு, அவற்றை எவராலும் மிரட்ட முடியாது என்ற ஞானம் அவர்களுக்கு உதயமாயிற்று. அவை கிறிஸ்தவப் புத்தகக் கடைகள். விஸ்டம் ட்ரீ என்ற புதிய பெயரில் 1991இல் வெளியான பைபிள் அட்வென்ச்சர்ஸ் சுமார் 3,50,000 பிரதிகள் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

வியாபாரத் தந்திரமாகப் பிறந்த ஒன்றில் பக்திக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஆரம்பம் எப்படியிருந்தாலும், ஒரு குழந்தையின் கையில் வந்து சேர்ந்தபின் அப்பொருளின் வாழ்க்கை வேறு என்பது என் அபிப்பிராயம். மேலும், வேதத்தை விளையாட்டாக்குவது தமிழருக்குப் புதுமையும் அன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து நம் பாட்டிமார் உருட்டிய பரமபத சோபானம், பாவத்தையும் புண்ணியத்தையும் பாம்பாகவும் ஏணியாகவும் கண்ட ஒரு வேதாந்த விளையாட்டே. கிறிஸ்தவர் தரப்பிலும், அந்நிய தேசத்துக் கதையை இந்நாட்டுப் பாத்திரத்தில் வார்க்கும் துணிவு பழையது. வீரமாமுனிவர் 1726இல் சூசையப்பரைத் தேம்பாவணியின் காவிய நாயகராக்கினார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். பாலஸ்தீனத்து மலைகள் தமிழ் ஐந்திணைக்குள் வந்து நின்றபோது பொருத்தம் பார்த்துப் பரிகசித்தவர் இருந்திருப்பர். ஆனாலும் காவியம் நின்றது. விஸ்டம் ட்ரீயின் விளையாட்டுகளை அந்த வரிசையில் வைக்க நான் துணியமாட்டேன். அவற்றைக் கேலிப்பொருளாக மட்டும் எழுதுகிறவர்களோடும் சேரமாட்டேன்.

எங்கள் வயலுக்கு அந்தக் கேசட்டுகள் வந்திருந்தாலும் அவற்றைச் செருக முடிந்திராது. அமெரிக்கக் கேசட்டுக்கு 72 முனைகள், எங்கள் நகல் பெட்டிகளுக்கு 60 முனைகள். எங்கள் பெட்டிகளில் பூட்டுச் சில்லும் கிடையாது. எதையும் தடுக்காத வாசல், ஆனால் அளவு பொருந்தவில்லை. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டது. ஊரில் மிஞ்சிய வாலிபர்கள் எல்லாரையும் போல நானும் விடியுமுன்னே மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் தொத்திக்கொண்டேன். சில ஆண்டுகளுக்குப்பின் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து, பெற்றோரையும் அழைத்துக்கொண்டேன். பழைய பெட்டிகளின் குணத்தைக் கணினியே பாவனை செய்யும் எமுலேட்டர் என்னும் மென்பொருள் அந்நாளில் பரவலாயிற்று. 2007இல் ஒரு விடுமுறை நாளில், வேதக் கதைகளை விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

சூப்பர் த்ரீ-டி நோவாஸ் ஆர்க் என்பது 1994இல் வந்தது. நாஜிகளைச் சுட்டு வீழ்த்தும் வுல்ஃபன்ஸ்டைன் விளையாட்டின் உடலை விலை கொடுத்து வாங்கி, அதற்குள் நோவாவை நிறுத்தியிருந்தார்கள். நோவா உண்டிவில்லால் தீனியை எறிகிறார். வயிறு நிறைந்த ஆடுகள் உறங்கிவிடுகின்றன. ஸ்பிரிச்சுவல் வார்ஃபேரில் ஆவியின் கனிகளை எறிந்து அவிசுவாசிகளை மனந்திரும்பச் செய்ய வேண்டும். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனெனில் எங்கள் லைனில் பௌத்தரும் முஸ்லிமும் அம்மன் பக்தரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு பழத்தால்கூட நான் அவர்களை அடிக்க மாட்டேன்.

பைபிள் அட்வென்ச்சர்ஸில் உள்ள மூன்று விளையாட்டுகளில் நடுவிலுள்ளது குழந்தை மோசேயின் கதை. நாம் ஆட்டுவிப்பது மோசேயின் அக்காள் மிரியாமை. எகிப்தியக் காவலர்களைத் தாண்டி, தலைக்குமேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓட வேண்டும். தூக்கவும் எறியவும் கூடிய பழைய மரியோ விளையாட்டு ஒன்றின் முறையை அனுசரித்துச் செய்தபடியால், குழந்தையையும் எறிய முடியும், தண்ணீரில்கூட. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பியன் ரீப்ஸில் ஒரு மத்தியானம் நேரமல்லாத நேரத்தில் சங்கு ஊத, தாயார் செருப்பையும் மறந்து ஷாப்ட்டை நோக்கி ஓட, ஒன்பது வயது அக்காள் நான்கு வயதான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் ஓரமாக, மூச்சிரைத்து அழுதபடி அவர் பின்னே ஓடியது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அன்று அப்பாவுக்கு ஒன்றும் நேரவில்லை. பக்கத்து லைனில் ஒரு வீட்டில் நேர்ந்தது. கணினித் திரையில் அந்தச் சிறு பெண் தள்ளாடியபோது நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு இந்த ஒரு விளையாட்டாவது விடை வைத்திருந்தது. இங்கே சுட வேண்டியது எதுவுமில்லை. ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு போவதே வேலை.

பிறகு எக்ஸோடஸைத் திறந்தேன். நான் எதிர்பார்த்தது சமுத்திரத்தையும் வனாந்தரத்தையும் மேகஸ்தம்பத்தையும். கண்டதோ மண் நிறைந்த குறுக்குவெட்டு, அதில் குடையப்பட்ட வழிகள், வழிகளின்மேல் தொங்கும் உருண்டைப் பாறைகள். மோசே கர்த்தரின் வார்த்தையை ஓர் எழுத்தாக எய்து மண்ணைக் கரைத்துக்கொண்டு முன்னேறுகிறார். அடிமண்ணை எடுத்தால் மேற்பாறை விழுகிறது. இடுக்குகளில் கிடக்கும் மன்னாவைப் பொறுக்க வேண்டும். இடையிடையே வேத வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இது எப்படி யாத்திராகமம் ஆகும் என்று திகைத்து விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அதே கம்பெனியார் 1989இல் கிறிஸ்டல் மைன்ஸ் என்று ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிப் பளிங்குக் கற்களைப் பொறுக்கும் இயந்திர மனிதனின் கதை அது. அந்தச் சுரங்கத்தை இடிக்காமலே, இயந்திர மனிதனை எடுத்துவிட்டு மோசேயை வைத்தார்கள். பிறகு யோசுவாவுக்கும் எரிகோவுக்கும் அதே சுரங்கத்தையே மறுபடி கொடுத்தார்கள்.

செலவைக் குறைக்கச் செய்த காரியம்தான், சந்தேகமில்லை. ஆனாலும், அமெரிக்காவில் எவரோ சிக்கனத்துக்காகச் செய்த ஒன்று, கோலார் தங்க வயலில் பிறந்தவன் கண்ணுக்கு எப்படிப் பிரத்தியட்சமான வியாக்கியானமாகத் தோன்றும் என்பதை அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. எங்களுக்கு எகிப்து என்றைக்கும் மணல்வெளியாக இருந்ததில்லை. அது கூரையுள்ள இடம். இருட்டும் உஷ்ணமும் உள்ள இடம். மேலே பாறையும் அதற்கு மேலே துரையின் பங்களாவும் உள்ள இடம். மோசே முதலில் இறங்க வேண்டியது அங்கேதான்.

நான் ஆடிக்கொண்டிருக்கும்போது அப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வெகு நேரம் பார்த்திருக்கிறார். திரையில் பாறையொன்று விழுந்து மோசே மடிந்ததும், “முட்டுக் குடுக்காம அடியில நோண்டறானே, விழாம என்ன பண்ணும்?” என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் சொன்னபடி நான் ஆடினேன். எந்தப் பாறையை எந்தப் பக்கத்திலிருந்து அணுக வேண்டும், எந்தச் சந்தில் நுழைந்தால் திரும்ப வழியிருக்காது என்பதையெல்லாம், முப்பது ஆண்டுகளில் உடம்பில் ஏறிய அறிவைக் கொண்டு, அவர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தொழிலை அவர் செய்கிற நிலையில் நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. கீழே குழந்தைகளை விடமாட்டார்கள்.

கட்டம் முடிந்தது. கதவு திறந்தது, மோசே அதற்குள் போனார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்தவங்க?” என்றார்.

“மத்தவங்க யாரும் இல்ல நைனா. இவரு ஒருத்தருதான்.”

“ஒத்தை ஆளை எறக்க மாட்டாங்களே. கேஜ்ல ஏறும்போது எண்ணுவாங்க, எறங்கும்போது எண்ணுவாங்க. எண்ணிக்கை சரியில்லன்னா ஒருத்தன் வீட்டுக்குப் போவமாட்டான்.”

அந்த விளையாட்டைப் பற்றி இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஜனங்கள் இல்லாத யாத்திராகமம் அது. நாங்கள் யாத்திராகமம் என்று படித்த அதே ஆகமத்தை, 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு ‘விடுதலைப் பயணம்’ என்று பெயரிட்டு அழைக்கிறது. யாத்திரை என்றாலும் விடுதலை என்றாலும், தனி ஒருவன் கதவைத் தாண்டிப் போவதற்கு அந்தப் பெயர்கள் பொருந்தமாட்டா. மாரிகுப்பத்து விடியற்கால ரயிலில், இடுக்கி உட்கார்ந்து இன்னொருவனுக்கு இடம் கொடுத்து, தெரிந்தவன் ஒருவன் ஏறவில்லையென்றால் ஜன்னல் வழியே அவன் பெயரைக் கூவி அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போன வாலிபர்கள்தான் என் மனத்தில் அந்த ஆகமத்தின் சித்திரம்.

அன்று இரவு ஜெப நேரத்தில் அப்பா தம்முடைய பழைய வேதாகமத்தை எடுத்து, யாத்திராகமத்தைத் தாண்டி, லேவியராகமத்தையும் தாண்டி, எண்ணாகமத்தை விரித்தார். பெயரும் தொகையுமாக நீண்டு போகும் அந்த முதல் அதிகாரத்தை எந்தப் போதகரும் பிரசங்கத்துக்கு எடுத்து நான் கேட்டதில்லை. அவர் அவசரமின்றி, விரலை வைத்து வைத்து வாசித்தார்: ரூபன் கோத்திரத்தில் 46,500 பேர், சிமியோனில் 59,300, காத்தில் 45,650 என்று கோத்திரம் கோத்திரமாக எண்ணி, மொத்தம் 6,03,550 என்று வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

தாயார் சமையற்கட்டின் நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எல்லாம் ஆம்பளைங்க கணக்கு. ஷாப்ட் வாசல்ல நின்னவங்களை எங்க எண்ணியிருக்கு?” என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, மெல்லிய தாள்களை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டலானார். தகப்பன் இறந்துபோய், உடன்பிறந்த ஆணும் இல்லாமல், எங்கள் பங்கைக் கொடுங்கள் என்று மோசேயின் முன்பாக வந்து நின்று வாதாடி, பங்கைப் பெற்ற சகோதரிகள் ஐவர் இருக்கிறார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கண்டதும், தாயாரின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.